ஃபோர்டு பிண்டோ: பதினைந்து லட்சம் கார்களைத் திரும்ப அழைத்த கதை

விற்ற காரைத் தயாரித்த கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவது இன்று செய்தித்தாளின் உள்பக்கத்தில் வரும் சின்னச் செய்தி. இன்ன மாடல், இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை தயாரானவை, பெட்ரோல் குழாயில் கசிவு ஏற்படலாம், சர்வீஸ் சென்டரில் இலவசமாக மாற்றித் தரப்படும் என்று நான்கு வரிகள் இருக்கும். அந்தக் கார் நம்மிடம் இல்லை என்றால் அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

இந்த நான்கு வரிகள் அவ்வளவு எளிதாக வந்துவிடவில்லை. ஒரு காலத்தில் கார் கம்பெனிகள் தங்கள் வண்டியில் குறை இருப்பது தெரிந்தாலும் வாங்கியவருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்த பிறகும், எப்போது சொல்ல வேண்டும், யார் காசில் சரிசெய்ய வேண்டும் என்பதில் பல வருடம் இழுபறி நடந்தது. அந்த இழுபறியில் மிகவும் பேசப்பட்ட கார் அமெரிக்காவின் ஃபோர்டு பிண்டோ. மேனேஜ்மெண்ட் படிப்பவர்களும் சட்டம் படிப்பவர்களும் இன்றும் பாடமாகப் படிக்கும் கதை இது. பாடப்புத்தகத்தில் பாதிக் கதைதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சட்டம் பிறந்த விதம்

1960களின் நடுவில் அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 50,000 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். விபத்து என்றால் ஓட்டுபவர் மீதுதான் தப்பு என்பது அன்றைய பொதுவான எண்ணம். கார் கம்பெனிகளும் அதையே சொல்லிவந்தன.

1965ஆம் ஆண்டு ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர், எந்த வேகத்திலும் பாதுகாப்பில்லாத கார்கள் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் வெளியிட்டார். விபத்து நடப்பதற்கு ஓட்டுநர் காரணமாக இருக்கலாம், ஆனால் விபத்தில் ஆள் சாவதற்குக் காரின் வடிவமைப்பும் காரணம் என்பது அவர் வாதம். முதல் அத்தியாயமே ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த செவர்லே கார்வேர் என்ற காரைப் பற்றியது.

ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்தது தெரியுமா? நேடரின் சொந்த வாழ்க்கையைத் துருவித் தேட துப்பறிவாளர்களை அமர்த்தியது! விஷயம் வெளியே வந்து, 1966 மார்ச்சில் கம்பெனியின் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழு முன்பு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. நேடர் போட்ட வழக்கில் 1970ல் கம்பெனி 4,25,000 டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. அந்தப் பணத்தை நேடர் நுகர்வோர் பாதுகாப்புப் பணிகளுக்கே செலவிட்டார்.

இந்தப் பரபரப்பின் விளைவாக 1966 செப்டம்பர் 9 அன்று வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். காரில் பாதுகாப்புக் குறை இருப்பது தெரிந்தால் அதை வாங்கியவருக்குக் கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும் என்றது சட்டம். ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. தெரிவித்தால் போதும். இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அந்தக் கட்டாயம் 1974ல் வந்த திருத்தத்தில்தான் சேர்ந்தது. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு 1970 முதல் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அரசு அமைப்பிடம் வந்தது. இனி இதைச் சுருக்கமாகப் பாதுகாப்பு நிர்வாகம் என்றே குறிப்பிடலாம்.

2000 பவுண்டு, 2000 டாலர்

இதே காலத்தில் அமெரிக்கக் கார் கம்பெனிகளுக்கு இன்னொரு தலைவலி. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் ஜப்பானின் டொயோட்டா, டாட்சன் கார்களும் சின்னதாக, மலிவாக வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன. அமெரிக்கக் கம்பெனிகளோ பெரிய பெரிய கார்களையே செய்து பழகியவை.

ஃபோர்டில் அப்போது மளமளவென்று மேலே வந்துகொண்டிருந்தவர் லீ அயகோக்கா. மஸ்டாங் காரின் வெற்றியால் புகழ் பெற்றவர். 1970 டிசம்பரில் கம்பெனியின் தலைவரே ஆகிவிட்டார். அவர் போட்ட கட்டளை சுலபமாக மனதில் பதியக்கூடியது: புதிய கார் 2000 பவுண்டு எடைக்கு (சுமார் 907 கிலோ) மேல் போகக் கூடாது, விலை 2000 டாலருக்கு மேல் போகக் கூடாது.

ஒரு புதிய காரை வரைபலகையிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவர அன்று ஏறக்குறைய 43 மாதம் ஆகும். பிண்டோவுக்குக் கொடுக்கப்பட்டது சுமார் 25 மாதம். அவசரத்தில் வடிவமைப்பு வேலையும், உதிரிபாகங்களை அடித்து உருவாக்கும் அச்சுகளைத் தயாரிக்கும் வேலையும் ஒரே நேரத்தில் நடந்தன. இதில் ஒரு சிக்கல் உண்டு. அச்சு தயாரான பிறகு வடிவமைப்பில் தவறு தெரிந்தால், மாற்றுவதற்கு ஆகும் செலவு பல மடங்கு. மாற்றலாம் என்று சொல்வதற்கே தயங்குவார்கள்.

1970 செப்டம்பரில் பிண்டோ விற்பனைக்கு வந்தது. மலிவான கார், கையடக்கமான கார். நன்றாகவே விற்றது. 1980ல் நிறுத்தப்படும் வரை 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பிண்டோக்கள் தயாராயின.

டேங்க் எங்கே இருந்தது?

பிண்டோவின் பெட்ரோல் டேங்க், பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலுக்கும் பின்பக்க பம்பருக்கும் நடுவில் இருந்தது. இது பிண்டோவில் மட்டும் இருந்த ஏற்பாடு இல்லை. அன்றைய பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் டேங்க் அங்கேதான் இருந்தது. ஆனால் பெரிய கார்களில் பின்னால் நீளமான டிக்கி இருக்கும். பின்னாலிருந்து இடி விழுந்தால் அந்த நீளம் முதலில் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். பிண்டோவில் அந்த இடம் மிகக் குறைவு. பம்பரும் பெயருக்கு ஒரு தகடு போலத்தான் இருந்தது.

பின்னாலிருந்து வேறு வண்டி மோதினால் டேங்க் முன்னோக்கித் தள்ளப்படும். முன்னால் ஆக்ஸிலின் நடுவே டிஃபரென்ஷியல் இருக்கிறது. அதில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுகள் டேங்கைக் குத்திக் கிழிக்கும். இன்னொரு பக்கம், பெட்ரோல் ஊற்றும் குழாய் டேங்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். இரண்டில் எது நடந்தாலும் பெட்ரோல் கொட்டும்.

பெட்ரோல் கசிவு ஏன் இவ்வளவு பயங்கரமானது என்பதையும் சொல்ல வேண்டும். எரிவது பெட்ரோல் திரவம் அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியை வெளிவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து பரவும். நசுங்கும் இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் போதும். மோதலில் கதவுகளும் இறுகிக்கொண்டால் உள்ளே இருப்பவர்கள் இறங்க வழியில்லை. மோதலின் அடியில் தப்பித்தவர்கள் தீயில் மாட்டிக்கொள்வார்கள்.

இது ஃபோர்டுக்குத் தெரியாதா? தெரியும். விற்பனைக்கு முன்பே ஃபோர்டு மோதல் சோதனைகள் நடத்தியிருந்தது. சுமார் 21 மைல் (34 கி.மீ.) வேகத்தில் நடந்த சோதனையிலேயே டேங்கில் கசிவு ஏற்பட்டது. என்ன செய்தால் தடுக்கலாம் என்பதும் தெரிந்திருந்தது. பின்னாளில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பில் இந்த மாற்றங்களும் அவற்றின் விலையும் பட்டியலாக வந்தன. டிஃபரென்ஷியலுக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு தடுப்பு வைக்க 2.35 டாலர். டேங்குக்குள் நைலான் பை வைக்க 5.25 முதல் 8 டாலர் வரை. பின்பகுதியை வலுப்படுத்தி, ஆக்ஸிலை வழவழப்பாக்கி, பம்பரை மேம்படுத்தி, நசுங்குவதற்குக் கூடுதல் இடமும் கொடுக்க மொத்தம் 15.30 டாலர். இதைச் செய்திருந்தால் 34 முதல் 38 மைல் வேக மோதலையும் டேங்க் தாங்கியிருக்கும் என்றது நீதிமன்றம்.

அன்றைய சட்டப்படி பிண்டோ குற்றமற்ற கார் என்பதும் உண்மை. பெட்ரோல் அமைப்பு பற்றி அப்போது இருந்த அரசு விதி முன்பக்க மோதலுக்கு மட்டும்தான். பின்பக்க மோதலுக்கும் விதி வேண்டும் என்று 1969ல் முதலில் முன்மொழியப்பட்டது. கம்பெனிகளின் எதிர்ப்பு, கருத்துக் கேட்பு, திருத்தம் என்று நீண்டு, 1976 செப்டம்பர் முதல் தயாராகும் கார்களுக்குத்தான் அது அமலானது. அந்த விதிக்கு ஏற்ப 1977 மாடல் பிண்டோவில் ஃபோர்டு மாற்றங்களைச் செய்தது. அதற்கு முன்பு விற்ற கார்கள் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன.

11 டாலர் கணக்கு

பிண்டோ என்றாலே எல்லோரும் சொல்வது ஃபோர்டின் ஒரு உள்கணக்கைத்தான். 1973ல் தயாரான அந்தக் குறிப்பில் இருந்தது இதுதான்:

சரிசெய்யும் செலவு: 1 கோடியே 10 லட்சம் கார்கள், 15 லட்சம் சிறு லாரிகள், வண்டிக்கு 11 டாலர். மொத்தம் சுமார் 13 கோடியே 70 லட்சம் டாலர்.

சரிசெய்தால் கிடைக்கும் லாபம்: 180 தீச்சாவுகள் தவிரும், ஒவ்வொன்றுக்கும் 2,00,000 டாலர். 180 பேர் தீக்காயத்திலிருந்து தப்புவார்கள், ஒவ்வொருவருக்கும் 67,000 டாலர். 2,100 வண்டிகள் எரியாமல் தப்பும், ஒவ்வொன்றுக்கும் 700 டாலர். மொத்தம் சுமார் 4 கோடியே 95 லட்சம் டாலர்.

செலவு 13.7 கோடி, லாபம் 4.95 கோடி. ஆகவே சரிசெய்வது கட்டுப்படியாகாது!

படிக்கும்போதே உடம்பு கூசுகிறது அல்லவா? பிண்டோவைச் சரிசெய்வதைவிடச் செத்தவர்களுக்கு நஷ்டஈடு கொடுப்பது மலிவு என்று ஃபோர்டு முடிவு செய்தது என்றுதான் பல புத்தகங்கள் இதைச் சொல்கின்றன. ஆனால் அந்தக் குறிப்பை உற்றுப் பார்த்தால் வேறு சில விஷயங்கள் தெரியும்.

முதலாவது, அது பிண்டோவைப் பற்றிய கணக்கே இல்லை. அமெரிக்காவில் எல்லாக் கம்பெனிகளும் ஓராண்டில் விற்கும் எல்லாக் கார்களையும் பற்றியது. அதனால்தான் ஒரு கோடிக்கு மேல் எண்ணிக்கை வருகிறது. இரண்டாவது, அதில் பேசப்படுவது பின்பக்க மோதல் இல்லை. கார் தலைகீழாக உருளும்போது ஏற்படும் கசிவு. மூன்றாவது, அது பூட்டிவைத்த ரகசியம் இல்லை. உத்தேச விதியை எதிர்த்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் கொடுப்பதற்காகத் தயாரித்தது.

நான்காவதுதான் ஆச்சரியம். ஒரு உயிருக்கு 2,00,000 டாலர் என்ற விலையை ஃபோர்டு தானாகப் போடவில்லை. பாதுகாப்பு நிர்வாகமே 1972ல் போட்ட கணக்கு அது. அரசின் அந்தப் பட்டியலில் ஒரு உயிரிழப்பால் சமூகத்துக்கு ஏற்படும் இழப்பு 2,00,725 டாலர். இறந்தவர் சம்பாதித்திருக்கக்கூடிய வருமானம், மருத்துவமனைச் செலவு எல்லாம் தனித்தனியாகப் போடப்பட்டிருக்கும். சவ அடக்கத்துக்கு 900 டாலர். இறப்பவர் படும் வலிக்கும் வேதனைக்கும் 10,000 டாலர்!

அப்படியானால் ஃபோர்டு மீது தப்பே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. விதி வரக் கூடாது என்று வாதாட அந்தக் கணக்கைப் பயன்படுத்தியது ஃபோர்டுதான். பிண்டோவின் சோதனை முடிவுகளும், சில டாலரில் தீரும் மாற்றங்களின் பட்டியலும் அவர்கள் கையிலேயே இருந்தன. விலை 2000 டாலரைத் தாண்டக் கூடாது என்பதால் அந்த மாற்றங்கள் தள்ளிப்போடப்பட்டன.

அறைக்குள் இருந்தவர்

கம்பெனிக்குள் இருந்த யாருக்கும் உறுத்தவில்லையா என்ற கேள்வி எழும். இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவர் உண்டு. டென்னிஸ் ஜியோயா 1970களின் முற்பகுதியில் ஃபோர்டில் வாகனங்களைத் திரும்ப அழைப்பதை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருந்தவர். பிறகு வேலையை விட்டு மேனேஜ்மெண்ட் பேராசிரியரானார். 1992ல் ஒரு ஆய்விதழில் தன் அனுபவத்தை எழுதினார்.

அவர் கொடுத்த விளக்கம் இது. நாள்தோறும் ஏராளமான குறைகள் பற்றிய அறிக்கைகள் மேசைக்கு வரும். எல்லாவற்றையும் திரும்ப அழைக்க முடியாது. ஆகவே இரண்டு அடையாளம் பார்ப்பார்கள்: ஒரே மாதிரியான சம்பவம் திரும்பத் திரும்ப வருகிறதா, குறிப்பிட்ட ஒரு பாகம் பழுதாகிறது என்று காட்ட முடிகிறதா? பிண்டோ தீ விபத்துகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தன. பாகம் எதுவும் பழுதாகவில்லை. வடிவமைத்தபடிதான் இருந்தது, அந்த வடிவமைப்புதான் பிரச்சினை. எரிந்த பிண்டோ ஒன்றை நேரில் பார்த்து மனம் கலங்கிய பிறகும், கூட்டத்தில் திரும்ப அழைக்க வேண்டாம் என்றே மற்றவர்களோடு சேர்ந்து அவரும் வாக்களித்தார்.

இதில் இன்னொரு விஷயம். அவரே ஓட்டியது ஒரு பிண்டோதான். பிறகு அதைத் தன் சகோதரிக்கு விற்றார். ஆபத்து என்று மனதாரத் தெரிந்த ஒருவர் அப்படிச் செய்திருப்பாரா? கெட்ட எண்ணத்தால் நடந்த தவறைவிட, வேலைப் பழக்கத்தால் கண்ணெதிரே இருந்ததைப் பார்க்காமல் போன தவறு இது என்பது அவருடைய முடிவு.

1978: எல்லாம் ஒரே ஆண்டில்

1972 மே மாதம் கலிஃபோர்னியாவில் ஆறு மாதமே ஆன ஒரு பிண்டோ, நெடுஞ்சாலையின் நடுவில் கார்புரேட்டர் கோளாறால் நின்றுபோனது. பின்னால் வந்த இன்னொரு ஃபோர்டு கார் மோதியது. பிண்டோ தீப்பற்றியது. ஓட்டிவந்த பெண் சில நாட்களில் இறந்துபோனார். கூட வந்த 13 வயதுச் சிறுவன் உடம்பெல்லாம் தீக்காயத்தோடு உயிர் பிழைத்து, அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகளுக்கு ஆளானான். வழக்கு நீதிமன்றத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

1977ல் மதர் ஜோன்ஸ் என்ற பத்திரிகையில் மார்க் டவ்வி பிண்டோவைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். மேலே சொன்ன 11 டாலர் கணக்கு நாடு முழுக்கப் பேச்சானது அப்போதுதான். குறைந்தது 500 பேர், ஒருவேளை 900 பேர்கூடச் செத்திருக்கலாம் என்று அதில் இருந்தது. மக்களிடமிருந்து புகார்கள் குவிந்தன. அந்தச் சமயத்தில் பாதுகாப்பு நிர்வாகத்தின் தலைவராக இருந்தவர் ஜோன் கிளேபுரூக். நேடரோடு சேர்ந்து வேலை பார்த்தவர். விசாரணை ஆரம்பமானது.

1978 பிப்ரவரியில் கலிஃபோர்னியா வழக்கில் ஜூரி தீர்ப்பு வந்தது. சிறுவனுக்கு நஷ்டஈடு சுமார் 25 லட்சம் டாலர். அதற்கு மேல் ஃபோர்டுக்குத் தண்டனையாக 12 கோடியே 50 லட்சம் டாலர்! நீதிபதி அந்தத் தண்டனைத் தொகையை 35 லட்சமாகக் குறைத்தார். 1981ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

1978 மே மாதம் பாதுகாப்பு நிர்வாகம் தன் விசாரணை முடிவை அறிவித்தது. பின்பக்க மோதலால் பிண்டோவில் தீப்பிடித்து 27 பேர் இறந்ததாகக் கண்டறிந்தது. பத்திரிகை சொன்ன 500, 900 எங்கே, 27 எங்கே! ஆனாலும் காரில் பாதுகாப்புக் குறை இருக்கிறது என்பதே அதன் முடிவு. ஜூன் 14 அன்று பொது விசாரணை என்று நாள் குறித்தது.

அதற்கு ஐந்து நாள் முன்பு, ஜூன் 9 அன்று, ஃபோர்டு தானாக முன்வந்து 1971 முதல் 1976 வரையிலான பிண்டோக்களையும், அதன் உடன்பிறப்பான மெர்குரி பாப்கேட் கார்களையும் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. மொத்தம் சுமார் 15 லட்சம் கார்கள். குறை இருப்பதாக ஒப்புக்கொள்ளவில்லை, மக்களின் கவலையைப் போக்கவே இதைச் செய்கிறோம் என்றது கம்பெனி.

செய்த வேலை என்ன? டிஃபரென்ஷியலுக்கும் டேங்குக்கும் நடுவே பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் ஒரு தடுப்பு. பெட்ரோல் ஊற்றும் குழாய் பிடுங்கிக்கொண்டு வராதபடி நீளமான குழாயும் மேம்பட்ட அடைப்பும். அவ்வளவுதான். எட்டு வருடமாகப் பேசாமல் விட்ட வேலை ஒரு மெக்கானிக் அரை நாளில் முடிக்கக்கூடிய வேலையாக இருந்தது.

அறிவிப்புக்கும் கடிதத்துக்கும் நடுவில்

15 லட்சம் கார்களுக்கு உதிரிபாகம் தயாரித்து டீலர்களுக்கு அனுப்ப வேண்டும். உரிமையாளர்களின் முகவரியைத் தேடிக் கடிதம் போட வேண்டும். செப்டம்பரில்தான் எல்லாம் தயாராகும் என்றது ஃபோர்டு.

ஆகஸ்ட் 10 அன்று இண்டியானா மாநிலத்தில் ஒரு 1973 மாடல் பிண்டோவைப் பின்னாலிருந்து ஒரு வேன் மோதியது. பிண்டோ தீப்பற்றியது. அதில் இருந்த மூன்று இளம்பெண்களும் இறந்துபோனார்கள்.

எல்க்கார்ட் மாவட்ட அரசு வழக்கறிஞர் மைக்கேல் கொசென்டினோ இதை வெறும் விபத்தாக விட்டுவிடத் தயாராக இல்லை. ஃபோர்டு கம்பெனியின் மீதே கொலைக்கு நிகரான குற்ற வழக்கு போட்டார். குறையுள்ள பொருளைத் தயாரித்ததற்காக ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி இப்படிக் குற்றவாளிக் கூண்டில் நின்றது அதுவே முதன்முறை. குற்றம் நிரூபணமானால் அதிகபட்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? ஒரு சாவுக்கு 10,000 டாலர் வீதம் 30,000 டாலர். ஃபோர்டு பயந்தது அபராதத்துக்கு இல்லை, குற்றவாளி என்ற பெயருக்கு. வாட்டர்கேட் ஊழல் வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடிப் புகழ்பெற்ற ஜேம்ஸ் நீலைத் தன் வழக்கறிஞராக அமர்த்தியது. கொசென்டினோவிடம் இருந்ததோ ஒரு சின்ன மாவட்டத்தின் பட்ஜெட்டும், சம்பளம் வாங்காமல் உதவ வந்த சட்டப் பேராசிரியர்களும் மாணவர்களும்தான்.

வழக்கு 1980 ஜனவரியில் வினமாக் என்ற சிற்றூரில் தொடங்கியது. சட்டம் அரசுத் தரப்பின் கையைக் கட்டிவிட்டது. குற்றப் பிரிவு 1978 ஜூலை 1ல் தான் அமலுக்கு வந்திருந்தது. எனவே கேள்வி காரை எப்படி வடிவமைத்தார்கள் என்பது இல்லை. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 10 வரையான 41 நாட்களில் உரிமையாளரை எச்சரிக்கவும் காரைச் சரிசெய்யவும் ஃபோர்டு அலட்சியம் காட்டியதா என்பதுதான். ஃபோர்டின் பழைய உள்ஆவணங்களில் பெரும்பாலானவற்றை நீதிபதி சாட்சியமாக ஏற்கவில்லை. அந்த 41 நாட்களில் முடிந்த அளவு வேகமாகத் திரும்ப அழைக்கும் வேலையைச் செய்தோம் என்று ஃபோர்டு தரப்பு வாதிட்டது. மோதிய வேன் வந்த வேகத்தில் எந்தச் சின்னக் காரும் தாங்கியிருக்காது என்றும் சொன்னது.

இறந்த பெண் ஒருவரின் தாயார் சாட்சி சொன்னார். இப்படி ஒரு குறை இருப்பது தெரிந்திருந்தால் அந்தக் காரை வைத்திருந்திருக்கவே மாட்டோம் என்றார். காரைத் திரும்பக் கொண்டுவரும்படி ஃபோர்டு அனுப்பிய கடிதம் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது 1979 பிப்ரவரியில். மகள் இறந்து ஆறு மாதம் கழித்து.

ஜூரிகள் நான்கு நாட்கள் விவாதித்து 1980 மார்ச் 13 அன்று தீர்ப்பு சொன்னார்கள்: ஃபோர்டு குற்றவாளி இல்லை.

பிண்டோ உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

1991ல் சட்டப் பேராசிரியர் கேரி ஷ்வார்ட்ஸ், பிண்டோ வழக்கைச் சுற்றி எழுந்த கட்டுக்கதைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 11 டாலர் கணக்கு எப்படித் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதை விளக்கியது அதுதான். மொத்தச் சாவு விகிதத்தில் பிண்டோ அன்றைய மற்ற சின்னக் கார்களைப் போலத்தான் இருந்தது, சிலவற்றைவிட நன்றாகவும் இருந்தது என்று புள்ளிவிவரத்தோடு காட்டினார். ஆனால் பின்பக்க மோதலில் தீப்பிடித்துச் சாவது என்ற ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொண்டால் பிண்டோ மற்றவற்றைவிட மோசம் என்பதை அவரும் மறுக்கவில்லை.

ஆக, 900 பேரைக் கொன்ற கார் என்பதும் பொய், பத்திரிகைகள் கிளப்பிவிட்ட வீண் புரளி என்பதும் பொய். சில டாலரில் தடுத்திருக்கக்கூடிய ஒரு குறை இருந்தது. அது அரிதாகத்தான் உயிரைப் பறித்தது. அரிதாக இருந்ததாலேயே கண்ணில் படாமல் போனது.

பிறகு

லீ அயகோக்கா 1978 ஜூலையில் ஃபோர்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். காரணம் பிண்டோ அல்ல, முதலாளி இரண்டாம் ஹென்றி ஃபோர்டோடு ஏற்பட்ட மோதல். பிறகு கிரைஸ்லருக்குப் போய் அதைத் தூக்கி நிறுத்தியது தனிக் கதை. பிண்டோ 1980ல் நின்றது. அடுத்து வந்த சின்னக் கார்களில் பெட்ரோல் டேங்க் மெல்ல மெல்லப் பின் ஆக்ஸிலுக்கு முன்னால், பின் இருக்கைக்கு அடியில் நகர்ந்தது. இன்று பெரும்பாலான கார்களில் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் பாடம் முழுதாகக் கற்கப்பட்டதா என்றால் சந்தேகம்தான். 2013ல் ஆக்ஸிலுக்குப் பின்னால் டேங்க் வைத்த பழைய ஜீப் வண்டிகள் 27 லட்சத்தைத் திரும்ப அழைக்கும்படி பாதுகாப்பு நிர்வாகம் கிரைஸ்லரிடம் கேட்டது. வண்டிகள் பாதுகாப்பானவை என்று கிரைஸ்லர் முதலில் மறுத்தது. பிறகு 15 லட்சத்துச் சொச்சம் வண்டிகளுக்கு ஒத்துக்கொண்டது. பிண்டோ திரும்ப அழைக்கப்பட்டு 35 வருடம் கழித்து, அதே இடத்தில் இருந்த டேங்க் பற்றி அதே வாக்குவாதம்!

இந்தியாவில் வாகன உற்பத்தியாளர் சங்கம் 2012ல் தானாக முன்வந்து திரும்ப அழைக்கும் நெறிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. சட்டப்படி அரசே உத்தரவு போடலாம் என்பது 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவைச் சேர்த்த பிறகுதான் வந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. அமெரிக்கா 1966ல் போட்ட சட்டத்துக்கு நாம் வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

சட்டம் இருந்தும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அது வண்டி வைத்திருப்பவர் கையில். திரும்ப அழைக்கப்படும் எல்லா வண்டிகளும் சர்வீஸ் சென்டருக்கு வந்துவிடுவதில்லை. முகவரி மாறியிருக்கும், வண்டி கைமாறியிருக்கும், கடிதம் வந்தாலும் அப்புறம் பார்க்கலாம் என்று மேசை இழுப்பறையில் கிடக்கும். பழைய வண்டி வாங்குபவர்கள் அதன் சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்திலோ டீலரிடமோ கொடுத்து, பாக்கி ரீகால் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஐந்து நிமிட வேலை, காசும் செலவில்லை.